சுயெஸ் கற்பித்த இரு பாடங்கள்

நட்பைப் பற்றிக் கூறவந்த திருவள்ளுவர் ஓர் அதிகாரத்தோடு நிறுத்தினாரல்லர். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். அவற்றுள் நடுவே நிற்பது பழைமை. நெடுநாட் பழகிய நண்பர் தம்மைக் கேளாமலே உரிமை பாராட்டி ஒன்றைச் செய்துவிட்டால், அதனைக் குற்றமாகக் கொள்ளாது ஏற்றுக்கொள்ளும் பண்பையே அவ்வதிகாரம் பேசுகின்றது. தனி மனிதரிடையே இது சான்றோர் போற்றும் பண்பு. ஆனால், அரசுகளிடையே இதனை எதிர்பார்க்கலாமா? எதிர்பார்க்கலாம் என்று 1956ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு பிரதம மந்திரி நம்பினார். அந்நம்பிக்கை அவருடைய பதவியைக் கொண்டுபோயிற்று. அவருடைய நாட்டின் பேரரசுப் பெருமையில் எஞ்சியிருந்ததையும் கொண்டுபோயிற்று.

அவர் பிரித்தானியாவின் சேர் அந்தனி ஈடன். அவர் உரிமை பாராட்டிய நண்பர் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர். இருவரிடையே பிணக்கை மூட்டியது எகிப்து நாட்டின் சுயெஸ் கால்வாய். அத்திலாந்திக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் உள்ள மேலைநாடுகள் பின்னாளில் ஒன்றையொன்று நோக்கிய முறைக்கு அச்சில வாரங்களில் நடந்தவை பெரிதும் காரணமாயின. ஆதலின் அவ்வரலாற்றைச் சற்று விரிவாக ஆராய்தல் பயனுடையதாகும்.

மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைக்கும் இக்கால்வாய் 1869ஆம் ஆண்டு நவம்பர் 17ஆந் திகதி திறக்கப்பட்டது. வெட்டுவித்தவர் பேர்டினண்ட் டி லெசெப்ஸ் என்னும் பிரெஞ்சுக்காரர். வெட்டியவர்களோ எகிப்திய உழவர்கள். தொடக்கத்தில் கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்டவர்கள். எகிப்தை ஆண்ட இஸ்மாயில் கடன் சுமை தாங்காது தம் பங்குகளை விற்க முற்பட்டபோது, 1875இல் பிரித்தானியப் பிரதம மந்திரி டிஸ்ரேலி ஏறக்குறைய 40 இலட்சம் பவுண் கொடுத்து அவற்றை வாங்கினார். கம்பெனியின் பங்குகளில் இது நூற்றுக்கு 44 வீதம். 1882இல் பிரித்தானியப் படை எகிப்தினுள் புகுந்தது. அப்படையின் கடைசிப் பகுதி கால்வாய்க் கரையைவிட்டு வெளியேறியது 1956 ஜூன் மாதத்திலேயாகும்.

லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லும் கப்பல் பதினாயிரம் கடல் மைலுக்கு மேல் ஓடவேண்டும். கால்வாய் வழியே செல்லுமாயின் ஆறாயிரத்துச் சொச்சம் மைல் போதும். கொழும்பிலிருந்து இலங்கைத் தேயிலைப் பெட்டிகள் லண்டன் ஏலச் சந்தைக்குச் சென்றதும் இவ்வழியேதான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலோ தேயிலையினும் பருத்தியினும் பெறுமதிமிக்க சரக்கொன்று இவ்வழியே செல்லலாயிற்று. அது பாரசீக வளைகுடாவின் எண்ணெய். மேற்கு ஐரோப்பாவின் ஆலைகளும் மோட்டார் வண்டிகளும் அதனையே பெரிதும் நம்பியிருந்தன.

இந்நிலையில், 1952ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சியால் மேலெழுந்த நாசர், நைல் நதியின் குறுக்கே அஸ்வானில் ஒரு பேரணை கட்ட விரும்பினார். அதற்கு அமெரிக்கா 5 கோடியே 60 இலட்சம் டொலரும், பிரித்தானியா 1 கோடியே 40 இலட்சம் டொலரும் நன்கொடையாகத் தர முன்வந்தன. உலக வங்கி 20 கோடி டொலர் கடன் தர இசைந்தது. ஆனால், நாசர் கம்யூனிஸ்ட் நாடுகளிடம் ஆயுதம் வாங்கினார். மக்கள் சீனத்தை அங்கீகரித்தார். வாஷிங்டன் முகஞ் சுளித்தது. 1956 ஜூலை 19ஆந் திகதி, அமெரிக்க வெளிநாட்டு மந்திரி டலஸ் உதவி இல்லையென்று கைவிரித்தார். ஒரு வாரங் கழித்து, ஜூலை 26ஆந் திகதி மாலை, நாசர் அலெக்சாந்திரியா நகரில் மக்கள் முன் பேசினார். அப்பேச்சில் லெசெப்ஸ் என்னும் பெயர் ஒலித்ததும் அதனையே குறிப்பாகக் கொண்டு காத்திருந்த அவருடைய ஆட்கள் கால்வாய்க் கம்பெனியின் காரியாலயங்களைக் கைப்பற்றினர். கால்வாய் தேசவுடைமையாயிற்று. பங்குகாரருக்கு நட்டஈடு வழங்கப்படும் என்றும், கால்வாய் வருமானத்தைக் கொண்டே அணை எழும் என்றும் நாசர் அறிவித்தார்.

இச்செய்தி மூன்று தலைநகரங்களில் மூன்று விதமாகக் கேட்டது. லண்டனில் ஈடனுக்கு 1938ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. முசோலினியோடு இணங்கிப்போக மறுத்து அன்று மந்திரிப் பதவியைத் துறந்தவர் அவர். நாசரிலும் ஒரு முசோலினியையே கண்டார். பாரிஸில் பிரதம மந்திரி கீ மொல்லேயின் கண்முன் நின்றது அல்ஜீரியா. 1954 நவம்பரில் அங்கு மூண்ட விடுதலைப் போருக்கு எண்ணெய் வார்ப்பவர் நாசர் என்பது பிரெஞ்சு அரசாங்கத்தின் துணிபு. வாஷிங்டனில் ஐசன்ஹோவர் எண்ணியது வேறு. ஒரு நாடு தன் மண்ணில் உள்ள கம்பெனியைத் தேசவுடைமையாக்கிய காரணத்துக்காகப் படையெடுத்தால், புதிதாய் விடுதலை பெற்ற ஆசிய ஆபிரிக்க நாடுகள் அனைத்தும் மொஸ்கோவின் பக்கஞ் சாய்ந்துவிடும் என்று அவர் அஞ்சினார். அன்றியும், நவம்பர் 6ஆந் திகதி அவர் மீண்டும் தேர்தலுக்கு நிற்கவேண்டியிருந்தது. படைபலத்தைப் பயன்படுத்துவதை அமெரிக்க மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று செப்டெம்பர் தொடக்கத்தில் ஈடனுக்குத் தெளிவாகவே எழுதினார்.

இடையில் பேச்சுவார்த்தைகளும் நடைபெற்றன. ஓகஸ்ட் 16ஆந் திகதி லண்டனில் 22 நாடுகளின் மகாநாடு கூடிற்று. கால்வாயைச் சர்வதேச சபையொன்றின் பொறுப்பில் விடவேண்டும் என்னும் டலஸின் திட்டத்தைப் 18 நாடுகள் ஆதரித்தன. ஆதரியாத நாடுகள் நான்கு: சோவியத் ரஷ்யா, இந்தியா, இந்தோனேசியா, இலங்கை. ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம் பெற்று ஓராண்டுகூட நிறையாத இலங்கை, தன் பெரும் வாணிபத் துணையாகிய பிரித்தானியாவின் தலைநகரிலேயே இங்ஙனம் மாறுபட்டு நின்றது குறிப்பிடத்தக்கது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் பிரித்தானியாவிடமிருந்து மீட்க இலங்கை முயன்ற காலம் அது. அத்தளங்கள் 1957இல் கைமாறின. தன் வீட்டுத் திறவுகோலைக் கேட்டு நின்ற நாடு, எகிப்து தன் வீட்டுத் திறவுகோலை எடுத்துக்கொண்டதைக் குற்றமெனக் கூறுவது எங்ஙனம்?

செப்டெம்பர் நடுவில் கம்பெனியின் வெளிநாட்டு மாலுமி வழிகாட்டிகள் வேலையை விட்டகன்றனர். எகிப்தியரால் கால்வாயை நடத்தவியலாது என்று ஐரோப்பாவிற் பலர் எண்ணினர். கப்பல்களோ முன்போலவே சென்றன. போர் தொடுப்பதற்குக் காட்டத்தக்க காரணம் இல்லாமற்போயிற்று. ஆகவே காரணம் ஒன்று உண்டாக்கப்பட்டது.

ஒக்டோபர் 22 முதல் 24 வரை, பாரிஸ் நகரை அடுத்த செவ்ர் என்னும் ஊரில், மரஞ்செடிகள் சூழ்ந்த ஒரு தனி மாளிகையில் மூன்று நாட்டார் இரகசியமாகக் கூடினர். இஸ்ரேலின் பென்-குரியன் வந்தார். பிரான்சின் மொல்லேயும் வெளிநாட்டு மந்திரி பினோவும் இருந்தனர். பிரித்தானிய வெளிநாட்டு மந்திரி செல்வின் லொயிட் முதல் நாள் வந்து சென்றார். இஸ்ரேல் எகிப்தைத் தாக்கவேண்டும், உடனே பிரித்தானியாவும் பிரான்சும் சமாதானத் தூதர் வேடம் பூண்டு, இரு படைகளும் கால்வாயைவிட்டு விலகவேண்டும் எனக் கட்டளையிடவேண்டும், எகிப்து மறுக்கும், மறுத்ததும் கால்வாயைக் கைப்பற்றவேண்டும். இதுவே உடன்பாடு. பிரித்தானியாவின் சார்பில் ஓர் அதிகாரி கையெழுத்திட்டார். எழுத்தில் ஏதும் எஞ்சுதல் கூடாதென ஈடன் தம் பிரதியை அழிப்பித்தார். இஸ்ரேலின் பிரதி அழியாது தங்கி, நாற்பது ஆண்டுகளின் பின் உலகின் பார்வைக்கு வந்தது.

இவ்வுடன்பாடு ஒருவருக்கு மட்டும் தெரியக்கூடாதென மூவரும் கருதினர். அவர் ஐசன்ஹோவர். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகளை ஒருங்கே நடத்திய சேனாதிபதி அவர். வட அத்திலாந்திக் ஒப்பந்தத்தில் பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் தோழர். சொன்னால் தடுப்பார், சொல்லாமற் செய்தாற் பொறுப்பார் என்று ஈடன் கணக்கிட்டார். செப்டெம்பரில் வாஷிங்டன் சென்று பழைய நண்பரைச் சந்தித்து வந்த நிதி மந்திரி ஹரோல்ட் மக்மில்லனும் அவ்வாறே நம்பிக்கையூட்டினார். பழைமை பொறுக்கும் என்ற எண்ணமே இக்கணக்கின் அடிப்படை.

ஒக்டோபர் 29ஆந் திகதி இஸ்ரேல் தாக்கிற்று. மறுநாள் லண்டனும் பாரிஸும் கட்டளை விடுத்தன. 31ஆந் திகதி மாலை எகிப்திய விமானத் தளங்கள்மீது குண்டுகள் வீழ்ந்தன. பாதுகாப்புச் சபையில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தைப் பிரித்தானியாவும் பிரான்சும் தடையதிகாரத்தைக் கொண்டு வீழ்த்தின. உடனே பொதுச்சபை அவசரமாகக் கூடிற்று. நவம்பர் 2ஆந் திகதி அதிகாலையில், யுத்தத்தை நிறுத்துமாறு கோரும் தீர்மானம் 64 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை ஐந்தே: பிரித்தானியா, பிரான்ஸ், இஸ்ரேல், அவுஸ்திரேலியா, நியூசிலாந்து. அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் ஒரே பக்கத்தில் கையுயர்த்தின. கூட்டுச் சேர்ந்து பத்தாண்டு கழியுமுன்னர், வட அத்திலாந்திக் நேசநாடுகள் உலகறியப் பிளவுபட்டன.

படைக்களத்திற் பிரித்தானியாவும் பிரான்சும் தோற்கவில்லை. நவம்பர் 5ஆந் திகதி அவற்றின் பரசூட் வீரர் போர்ட் செயிட்டில் இறங்கினர். 6ஆந் திகதி கப்பற்படை கரை சேர்ந்தது. ஆனால், அன்று நள்ளிரவே துப்பாக்கிகள் ஓய்ந்தன. ரஷ்யப் பிரதம மந்திரி புல்கானின் 5ஆந் திகதி ரொக்கெட் ஆயுதங்களைச் சுட்டி விடுத்த பயமுறுத்தலைக் காரணமாகக் காட்டுவோர் உளர். அதனினும் வலிய காரணமொன்று பிரித்தானியத் திறைசேரியில் இருந்தது.

அக்காலத்தில் ஒரு பவுண் 2 டொலர் 80 சதம் என்னும் மாற்று வீதத்தில் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. உலக வாணிபத்தின் பெரும்பங்கு ஸ்ரேலிங் நாணயத்தில் நடந்தது. இலங்கை உட்படப் பல நாடுகள் தம் சேமிப்பைப் பவுணாகவே வைத்திருந்தன. அந்த விலையைக் காப்பதற்கு லண்டனில் டொலர் கையிருப்பு வேண்டும். போர் மூண்டதும் உலகெங்கும் பவுணை விற்று டொலர் வாங்கத் தொடங்கினர். நவம்பர் மாதத்தில் மாத்திரம் பிரித்தானியா 27 கோடியே 90 இலட்சம் டொலரை இழந்தது. சர்வதேச நாணய நிதியிடம் கைநீட்டுவதற்கு அமெரிக்காவின் இசைவு வேண்டும். போர் நிறுத்தப்படும்வரை இசைவு இல்லை என்பதே வாஷிங்டனின் விடை. போரை முதலில் ஊக்கிய மக்மில்லனே, நிறுத்துவோம் என்று முதலில் வற்புறுத்தியவராகவும் ஆனார்.

பிரான்சின் நிலையை இங்கு ஒப்பிட்டு நோக்குக. பிரெஞ்சு அரசாங்கம் போருக்கு முன்னரே, ஒக்டோபர் நடுவில், நாணய நிதியிடம் 26 கோடியே 25 இலட்சம் டொலருக்கு ஏற்பாடு செய்துகொண்டது. படையைத் திரட்டுமுன் பணப்பையை நிரப்பியது பிரான்ஸ். பிரித்தானியா அதனைச் செய்யவில்லை.

பணத்தோடு எண்ணெயும் நெருக்கிற்று. எகிப்தியர் கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தனர். சிரியாவின் ஊடே மத்தியதரைக் கடலுக்கு எண்ணெய் கொண்டுவந்த குழாயின் நிலையங்கள் தகர்க்கப்பட்டன. மிஞ்சிய வழி அமெரிக்க எண்ணெய். படைகள் வெளியேறும் என்ற உறுதி கிடைக்கும்வரை அதுவும் வரவில்லை. டிசெம்பர் 3ஆந் திகதி செல்வின் லொயிட் பாராளுமன்றத்தில் வாபசை அறிவித்தார். ஒரு வாரத்தில், டிசெம்பர் 10ஆந் திகதி, நாணய நிதி 130 கோடி டொலர் வரையில் உதவ முன்வந்தது. கதவு எவ்வளவு இறுக மூடியிருந்ததோ அவ்வளவு விரைவாகத் திறந்தது. 17ஆந் திகதி பிரித்தானியாவிற் பெற்றோல் பங்கீடு தொடங்கியது. 22ஆந் திகதி கடைசி வீரர் கப்பலேறினர். 1957 ஜனவரி 9ஆந் திகதி, உடல்நலங் குன்றிய ஈடன் பதவி துறந்தார். அதற்குமுன், டிசெம்பர் 20ஆந் திகதி, இஸ்ரேல் தாக்கும் என்பது தமக்கு முன்கூட்டித் தெரியாதென அவர் பாராளுமன்றத்திற் கூறியிருந்தார். அக்கூற்று உண்மையன்று.

இந்நாடகத்தில் மதிப்பிழக்காத மேலைநாடு ஒன்று உண்டென்றால் அது கனடா. அதன் வெளிநாட்டு மந்திரி லெஸ்டர் பியர்சன், நண்பர்களை வெட்கமுறச் செய்யாமல் விலக்குவதற்கு ஒரு வழி கண்டார். போரிட்ட படைகளுக்கிடையே ஐக்கிய நாடுகளின் சொந்தப் படை ஒன்று நிற்கவேண்டும் என்றார். நவம்பர் நடுவில் அப்படையின் முதல் வீரர் எகிப்தில் இறங்கினர். பின்னர் உலகின் பல மூலைகளிலும் நின்ற அமைதிகாக்கும் படைகளுக்கு அது முன்மாதிரி. 1957ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசு பியர்சனுக்குக் கிடைத்தது.

ஆயினும், அதே வாரத்தின் மற்றொரு நிகழ்ச்சியை மறத்தல் ஆகாது. நவம்பர் 4ஆந் திகதி சோவியத் டாங்கிகள் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரினுட் புகுந்து மக்கள் எழுச்சியை நசுக்கின. பொதுச்சபை அதனையும் கண்டித்தது, டாங்கிகள் நகரவில்லை. ஒரே சபை, ஒரே வாரம், ஒரே நீதி. பயன் மாத்திரம் வேறு. நண்பனைத் தடுக்க முடிந்தது, பகைவனைத் தடுக்க முடியவில்லை. ஏன்? நண்பன் கடன்பட்டவன், பகைவன் கடன்படாதவன். தீர்மானத்துக்கு எகிப்தில் வலிமை கொடுத்தது சர்வதேச நீதி மாத்திரமன்று. டொலரும் அதனோடு சேர்ந்தே வலிமை கொடுத்தது.

இனி, ஒரே பள்ளியிற் படித்த இரு மாணவர் இரு வேறு பாடங்களைக் கற்றுச் சென்ற விதத்தைக் காண்போம்.

பிரித்தானியா கற்ற பாடம், இனி வாஷிங்டனை விட்டுத் தனியே செல்லலாகாது என்பது. ஈடனுக்குப் பின் வந்த மக்மில்லன் 1957 மார்ச்சில் பெர்மியூடாவில் ஐசன்ஹோவரைச் சந்தித்து உறவைப் புதுப்பித்தார். 1958இல் அணுவாயுத ஒத்துழைப்பு ஒப்பந்தம் பிறந்தது. 1962 டிசெம்பரில் நஸ்ஸோவில் பொலாரிஸ் ஏவுகணைகளை அமெரிக்கா வழங்க இசைந்தது. வியட்நாமிற்குப் படையனுப்பப் பிரதம மந்திரி வில்சன் மறுத்ததுபோன்ற விலக்குகள் உண்டு. எனினும், 2003இல் ஈராக் படையெடுப்பின்போது அமெரிக்காவின் தோளோடு தோள் நின்றது பிரித்தானியாவே.

பிரான்ஸ் கற்ற பாடம், இனி வாஷிங்டனை நம்பியிருக்கலாகாது என்பது. போர்நிறுத்தம் பற்றி ஈடன் தொலைபேசியில் அறிவித்த அந்நாளில், மேற்கு ஜேர்மனியின் தலைவர் அடினோர் பாரிஸில் மொல்லேயுடன் இருந்தார். ஐரோப்பாவை ஒன்றாக்குதலே இதற்கு விடை என அவர் கூறியதாகப் பினோ பிற்காலத்தில் எழுதினார். ஐந்து மாதத்துள், 1957 மார்ச் 25ஆந் திகதி, ஆறு நாடுகள் ரோமாபுரியிற் கையெழுத்திட்டு ஐரோப்பியப் பொதுச் சந்தையை நிறுவின. 1960 பெப்ரவரியில் சகாராப் பாலைவனத்தில் பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1963இல் ஜெனரல் டி கோல், அமெரிக்காவின் நிழலை உடன் கொண்டுவரும் நாடு என்று கருதிப் பிரித்தானியாவைப் பொதுச் சந்தையிற் சேரவொட்டாது தடுத்தார். 1966இல் வட அத்திலாந்திக் ஒப்பந்தத்தின் கூட்டுப்படைத் தலைமையிலிருந்தே பிரான்சை விலக்கினார். அமெரிக்கப் படைகள் பிரெஞ்சு மண்ணைவிட்டு அகன்றன. பிரான்ஸ் அத்தலைமைக்குத் திரும்பியது 2009இலாகும். ஈராக் போரை அது எதிர்த்ததும் இப்பாடத்தின் தொடர்ச்சியே.

இவ்விரு பாடங்களுள் எது சரி என்னும் வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்தது. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தபோது, அமெரிக்கா இன்றி ஐரோப்பாவுக்குக் காவலில்லை என்னும் பக்கம் மேலோங்கியது. பின்லாந்தும் சுவீடனும் ஒப்பந்தத்திற் சேர்ந்தன. 2025இலோ அமெரிக்காவின் காவலை எத்துணைக் காலம் நம்பலாம் என்ற கேள்வி ஐரோப்பியத் தலைநகரங்களில் வெளிப்படையாகவே எழுந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் ஹேக் நகரில், நேசநாடுகள் தம் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 5 வீதத்தை 2035ஆம் ஆண்டளவிற் பாதுகாப்புக்கும் அதனோடு தொடர்புடைய தேவைகளுக்கும் செலவிட உடன்பட்டன. அடுத்த மாதமே, பிரித்தானியாவும் பிரான்சும் தம் அணுவாயுதப் படைகளை வேண்டுமிடத்து ஒருங்கிணைத்து இயக்கலாம் என நோர்த்வுட்டில் அறிவித்தன. சுயெஸில் ஒன்றாகத் தோற்று, வேறு வேறு வழியே பிரிந்த இருவரும் ஏறக்குறைய எழுபதாண்டின் பின் ஒரே மேசையில் மீண்டும் அமர்ந்தனர்.

ஈடன் தீய மனிதரல்லர். 1938இல் அவர் கண்டது மெய். 1956இல் அதே மெய்யைப் பொருந்தாத இடத்திற் பொருத்தினார். அதனினும் பெரிய பிழை, நண்பனிடம் மறைத்தது. எதிர்த்துப் பேசிய நண்பரோடு மீண்டும் உறவாடல் கூடும். ஏமாற்றப்பட்ட நண்பனோ கணக்கைத் திறந்து பார்ப்பான். அக்கணக்கிற் கடன் இருக்குமாயின் அதனையே ஆயுதமாகவுங் கொள்வான். பழைமை என்னும் அதிகாரம் மனிதருக்கு. அரசை நடத்துவோர் அதற்கு முன்னுள்ள நட்பாராய்தலைப் படித்தல் நன்று. வல்லரசின் நட்பை நாடும் நாடு, பெரிதாயினும் சிறிதாயினும், அந்நட்பு எதுவரை வரும் என்பதை ஆராய்தல் வேண்டும். அது நின்றுவிடும் இடத்தில் தன் கையில் மிஞ்சியிருப்பது யாது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.